பெல்ஜியம் துப்பாக்கிக்கு வயது சொல்வது எப்படி?

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் குடியிருப்புக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய வாடா இருக்கிறது. மரத்தூண்களும் நடுவில் திறந்த முற்றமுமாக, கிட்டத்தட்ட நம்ம ஊர் முற்றம் வைத்த வீடு மாதிரியே இருக்கும் மராட்டிய வீட்டுக்கு அந்தப் பெயர். அந்த வீட்டுப் பெரியவர் தாசில் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரைக் காகா என்பேன். அவர் என்னை சாஹேப் என்பார். தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்கு அங்கே போகும், அங்கிருந்து சக்லி இங்கே வரும். இரண்டும் ஒன்றுதான் என்று என் மனைவியும் இல்லை என்று காகு வீட்டம்மாவும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ரிவால்வர். பக்கத்தில் ஒரு அட்டை. அதில் மராட்டியில் '1857' என்று எழுதியிருக்கும். அந்த வருஷக் கலகத்தில் காகாவின் கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து அதைப் பிடுங்கினார் என்பது குடும்பக் கதை. அதற்குச் சாட்சியும் உண்டு. சுழலும் உருளையின் மேல் மூன்று எழுத்துகள் பொறித்திருக்கின்றன: ஈ, எல், ஜி. அது அந்த அதிகாரியின் இனிஷியல் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

போன மாதம் அவருடைய பேத்தியின் பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி. துப்பாக்கியின் படத்தைப் பெரிதாக எடுத்து ஒட்டி, கீழே பத்து வரி எழுதி வைக்க வேண்டும். "சாஹேப், நீங்கள் சரித்திரப் புத்தகம் படிக்கிறவர், நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, எழுத்துகள் தெரிகிற மாதிரி கிட்டத்தில் நாலு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

அந்த மூன்று எழுத்துகள் யாருடைய இனிஷியலும் இல்லை. செய்தவர் பெயரும் இல்லை. 'லியேஜ் சோதனை' என்பதற்கான பிரெஞ்சுச் சொற்களின் சுருக்கம் அது. லியேஜ் என்பது இன்றைய பெல்ஜியத்தின் கிழக்கில், மியூஸ் நதிக்கரையில் இருக்கும் ஊர். 19ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்க விற்ற கைத்துப்பாக்கிகளில் ஏராளமானவை அந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் செய்யப்பட்டவை. இந்தியாவிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, பழைய பெட்டியில் ஒரு துப்பாக்கி கிடைத்து, அதில் முட்டை வடிவக் கோட்டுக்குள் இந்த மூன்று எழுத்தும் அடியில் ஒரு சின்ன நட்சத்திரமும் இருந்தால் அது லியேஜில் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம்.

சோதனை என்றால் என்ன?

துப்பாக்கிக் குழல் வெடித்தால் சாகிறவன் எதிரி இல்லை, சுடுகிறவன். பழைய காலத்தில் இது அடிக்கடி நடந்தது. இரும்பில் ஒரு கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும். அதனால் விற்பதற்கு முன்பே, வழக்கமாகப் போடுவதை விட அதிக வெடிமருந்து போட்டு, குழலை ஒரு பெஞ்சில் கட்டி, ஆள் தள்ளி நின்று சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் பழைய இரும்பு. லியேஜ் சோதனைச்சாலையின் பெயரிலேயே இந்தப் 'பெஞ்சு' இருக்கிறது.

இதை 1672 மே மாதம் லியேஜை ஆண்ட இளவரசர் ஒரு ஆணையாகப் போட்டார். அவர் பெயர் பவேரியாவின் மாக்சிமிலியன் ஹென்றி. அவரே அந்த ஊரின் பிஷப்பும் கூட. அப்போது லியேஜ் ஒரு தனி ஆட்சிப் பகுதி. பெல்ஜியம் என்ற நாடே கிடையாது. அன்றைய முத்திரை 'பெரோன்'. லியேஜ் சந்தைச் சதுக்கத்தில் படிக்கட்டு வைத்த ஒரு தூண் இன்றும் நிற்கிறது. அந்த ஊரின் உரிமைகளுக்கு அடையாளம் அது. 1467-ல் பர்கண்டியின் சார்லஸ் ஊரைத் தோற்கடித்தபோது, இந்தத் தூணைப் பெயர்த்து ப்ரூஜ் நகரத்துக்குக் கொண்டு போய்விட்டார். 1478-ல்தான் திரும்பி வந்தது. அந்தத் தூணைத்தான் நகம் அளவுக்குச் சின்னதாக்கித் துப்பாக்கியில் அடித்தார்கள்.

1795-ல் லியேஜ் பிரான்சோடு சேர்க்கப்பட்டது. 1810 டிசம்பரில் நெப்போலியன், தன் பேரரசில் துப்பாக்கி செய்யும் ஊர்களில் எல்லாம் சோதனை கட்டாயம் என்று ஆணையிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் முட்டை வடிவத்துக்குள் இருக்கும் மூன்றெழுத்து முத்திரை. பிறகு நெப்போலியன் போனார். 1815-ல் ஊர் டச்சு ராஜாவிடம் போனது. 1830-ல் பெல்ஜியம் தனி நாடானது. கொடி இரண்டு தடவை மாறியும் முத்திரை அப்படியே இருந்தது. பெல்ஜியம் பிறப்பதற்கு முன்பே பெல்ஜியம் முத்திரை பிறந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

செய்தவர் பெயரை ஏன் நம்ப முடியாது?

எங்கள் கிளையில் நகைக்கடன் உண்டு. வாடிக்கையாளர் நகையைக் கொண்டு வந்து வைத்ததும் கடைப் பெயரைத்தான் முதலில் சொல்வார். "பெரிய கடை சார், நம்பலாம்." மதிப்பீட்டாளர் அதைக் காதில் வாங்குவதே இல்லை. ஹால்மார்க்கைப் பார்ப்பார், பிறகு உரைகல்லை எடுப்பார். கடைக்காரருக்கு விற்க வேண்டும். முத்திரை போடுகிறவருக்கு விற்க வேண்டியதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

லியேஜ் துப்பாக்கிகளிலும் இதே கதை. அங்கே பெரிய தொழிற்சாலைகள் வந்தது பிற்பாடுதான். அதற்கு முன்பு அது குடிசைத் தொழில். குழல் அடிப்பவர்கள் வெஸ்தர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தார்கள். விசை செய்பவர் ஒரு கிராமம், கட்டை இழைப்பவர் இன்னொரு கிராமம், பூவேலை செதுக்குபவர் வேறொரு வீடு. வியாபாரி இவர்களுக்கு வேலை கொடுத்து, எல்லாப் பாகங்களையும் சேர்த்துத் தன் பெயரில் விற்பார். காஞ்சிபுரத்தில் நெசவாளி ஒருவர், கடைப் பெயர் இன்னொருவருடையது என்பது மாதிரி. ஒரு துப்பாக்கியைச் 'செய்தவர்' யார் என்று கேட்டால் பத்துப் பேர் கை தூக்குவார்கள். அதில் ஒருவர் பெயர்கூட மேலே இருக்காது.

இருக்கும் பெயர்களும் பல நேரம் ஆளை ஏமாற்றும். பழைய பொருள் வாங்குகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் நாலு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 'ப்ரெவெத்தே' என்ற சொல். இது பல துப்பாக்கிகளில் இருக்கும். ஏதோ பிரெஞ்சுக் கம்பெனி என்று நினைப்பார்கள். அதற்கு அர்த்தம் 'காப்புரிமை பெற்றது', அவ்வளவுதான். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வரை லியேஜில் உரிமம் வாங்கிச் செய்தவர்கள் 'கோல்ட் ப்ரெவெத்தே' என்று பொறித்தார்கள். உரிமம் வாங்காமல் செய்தவர்களும் இருந்தார்கள். இந்தச் சொல்லோடு எஸ்.ஜி.டி.ஜி என்று நாலு எழுத்து சேர்ந்து வந்தால் இன்னும் ருசியான விஷயம். 'அரசாங்க உத்தரவாதம் இல்லாமல்' என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம் அது. காப்புரிமை கொடுத்தோம், சரக்கு நன்றாக இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை என்று பிரெஞ்சு அரசு கை கழுவிக்கொண்ட வாசகம். அதை வாங்கி வைத்தவர்கள் பட்டம் போலப் பெருமையாகக் காட்டுகிறார்கள்!

இரண்டாவது, 'லெஃபோஷே'. இது ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர். காசிமிர் லெஃபோஷே 1830களில் ஒரு புதுவிதத் தோட்டாவைப் பிரபலமாக்கினார். தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தி அந்த ஊசியின் தலையில் அடிக்கும், தோட்டா வெடிக்கும். இதைப் பின்ஃபயர் என்பார்கள். அவர் மகன் யூஜின் 1854-ல் இந்தத் தோட்டாவுக்கு ஒரு ரிவால்வர் செய்தார். பிறகு லியேஜ்காரர்கள் அதே முறையில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். ஆகவே அந்தப் பெயர் இருந்தால் அது முறையின் பெயராக இருக்கலாம், செய்தவர் பெயராக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஊர்ப் பெயர். அமெரிக்கச் சந்தைக்குப் போன சில பெல்ஜியம் ரிவால்வர்களில் 'அமெரிக்க மாடல்' என்று பெரிதாக இருக்கும். சோதனை முத்திரையைத் தேடினால் உருளையில் லியேஜ் இருக்கும்.

நாலாவது, கிரீடத்துக்குக் கீழே ஒற்றை எழுத்து. இதைச் செய்தவரின் இனிஷியல் என்றோ ராஜாவின் இனிஷியல் என்றோ சொல்வார்கள். அது சோதனைச்சாலையில் அன்று பரிசோதித்த கண்ட்ரோலரின் அடையாளம். வங்கியில் காசாளர் வவுச்சரில் போடும் சுருக்கெழுத்து மாதிரி. நாளைக்குத் தகராறு வந்தால் யார் பார்த்தது என்று தெரிய வேண்டும் இல்லையா?

உண்மையான தயாரிப்பாளர் அடையாளங்களும் உண்டு. கிரீடத்துக்குக் கீழே ஏ, எஃப் என்று இரண்டு எழுத்து சேர்ந்து இருந்தால் அது ஒகுஸ்த் ஃப்ராங்கோத் என்ற புகழ்பெற்ற லியேஜ் நிறுவனம். நாகான் சகோதரர்கள் எமிலும் லெயோனும் தங்கள் பெயரையே போட்டார்கள். ரஷ்ய ராணுவம் 1895-ல் ஏற்றுக்கொண்ட ரிவால்வர் அவர்களுடையது. முதலில் லியேஜில் செய்து, பிறகுதான் ரஷ்யாவின் தூலா ஊருக்குப் போனது. பெரிய பெயர்கள் இப்படி. ஆனால் பெட்டியடியில் கிடைக்கும் சாதாரணத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் பெயரே இருக்காது. மிஞ்சுவது சோதனை முத்திரைதான்.

தேதியை எப்படிப் பிடிப்பது?

வங்கிக்காரர்களுக்கு முத்திரைத்தாள் சமாச்சாரம் தெரியும். 1998-ல் எழுதியதாக ஒரு ஒப்பந்தம் வரும். தாளின் பின்பக்கத்தைத் திருப்பினால், விற்பனையாளர் முத்திரையில் 2001 என்று இருக்கும். அதற்கு மேல் உள்ளே என்ன எழுதியிருந்தாலும் படிக்க வேண்டியதில்லை. துப்பாக்கியிலும் இதே கணக்கு. முத்திரையின் வடிவத்தைச் சோதனைச்சாலை அவ்வப்போது மாற்றியது. மாற்றிய வருஷங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒரு அடையாளம் 'இதற்கு முன்னால் இல்லை' என்று சொல்லும். இன்னொன்று 'இதற்குப் பின்னால் இல்லை' என்று சொல்லும். நடுவில் துப்பாக்கி மாட்டிக்கொள்ளும்.

கைத்துப்பாக்கிகளுக்குத் தேவையான அளவு சுருக்கமாகத் தருகிறேன்:

1. மூன்றெழுத்தும் நட்சத்திரமும் உள்ள முட்டை வடிவம் மட்டும், கண்ட்ரோலர் எழுத்து கிடையாது: 1811 முதல் 1853 வரை.

2. அதே முட்டை வடிவம், கூடவே கிரீடத்துக்குக் கீழே ஒற்றை எழுத்து: 1853 முதல் 1877 வரை. பெரோன் தூணும் பரிசோதனை முத்திரையாக 1853 முதல் மறுபடி வருகிறது.

3. அதே முட்டை வடிவம், ஆனால் ஒற்றை எழுத்தின் மேல் கிரீடத்துக்குப் பதில் நட்சத்திரம்: 1877 முதல் 1893 வரை.

4. முட்டை வடிவத்தின் தலையிலேயே கிரீடம் ஏறியிருந்தால்: 1893 ஜூலைக்குப் பிறகு. இதோடு கிரீடம் வைத்த 'ஆர்' எழுத்து இருந்தால் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு என்று பொருள். அது 1894 முதல்.

5. இவற்றோடு வருஷத்தைக் குறிக்கும் ஒரு சிறிய எழுத்து இருந்தால்: 1922-க்குப் பிறகு. அந்த வருஷம் ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் ஆரம்பித்து ஆண்டுக்கு ஒரு எழுத்தாகப் போனார்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா வெடிமருந்து வந்தது. அது பழைய கரிமருந்தை விடக் குழலை அதிகம் அழுத்தும். அதற்குத் தனிச் சோதனை, தனி முத்திரை. பி, வி என்ற எழுத்துகளும் சிங்கமும் இருந்தால் அந்தச் சோதனை நடந்தது என்று அர்த்தம். இது தேதிக்கு மட்டும் இல்லை, உயிருக்கும் உதவும் தகவல். அந்த முத்திரை இல்லாத குழலில் நவீனத் தோட்டாவைப் போட்டால் முதலில் சொன்ன விபத்துதான்.

சில எச்சரிக்கைகள். தேய்ந்த முத்திரையில் கிரீடமும் நட்சத்திரமும் ஒரே மாதிரி ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். ஒரே படத்தை நம்பாமல், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து விழவைத்து இரண்டு மூன்று எடுக்க வேண்டும். பழைய துப்பாக்கியைப் பழுது பார்த்து மறுபடி சோதனைக்கு அனுப்பியிருந்தால் இரண்டு காலத்து முத்திரைகள் இருக்கலாம். வேறு ஊரில் செய்ததும் லியேஜில் சோதிக்கப்பட்டிருக்கலாம். பொருளின் தொழில்நுட்பம் முத்திரையோடு ஒத்துப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் 1893-க்குப் பிந்தைய கிரீடம் இருந்தால், யாரோ சுற்றுலாப் பயணிக்காகச் செய்த பண்டம் என்று சந்தேகப்படலாம்.

நம் ஊருக்கு வந்த பெல்ஜியம்

லியேஜை ஒட்டியே ஹெர்ஸ்டால் என்ற ஊர் இருக்கிறது. பெல்ஜிய ராணுவத்துக்கு 1,50,000 மௌசர் ரைஃபிள் வேண்டும் என்றபோது, லியேஜ் துப்பாக்கிக்காரர்கள் கூடி 1889-ல் அங்கே எஃப்.என் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். குடிசைத் தொழில் போய் எந்திரத் தொழில் வந்தது இப்படித்தான். 1897-ல் அமெரிக்கரான ஜான் பிரௌனிங்கோடு ஒப்பந்தம் போட்டார்கள். அவர் வரைந்த தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் ஹெர்ஸ்டாலில் உருவாகி உலகம் சுற்றின. பிரௌனிங் என்றதும் அமெரிக்கத் துப்பாக்கி என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கியால். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தச் சம்பவத்தின் ஒரு முனை தாமிரபரணிச் சீமையில் இருக்கிறது, இன்னொரு முனை மியூஸ் நதிக்கரையில் இருக்கிறது.

எந்திரத்தில் செய்ததால் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. அந்த எண் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம். 1914 ஜூன் 28, சரயேவோ. ஆஸ்திரிய இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டை காவ்ரிலோ பிரின்சிப் சுட்டார், முதல் உலகப்போர் வந்தது. அந்தத் துப்பாக்கி 1900ஆம் வருஷ பிரௌனிங் என்று வெகுகாலம் பல புத்தகங்கள் எழுதின. உண்மையில் அது எஃப்.என்னின் 1910 மாடல். ஒரு ஜெசூட் மடத்தில் இருந்த அந்தத் துப்பாக்கி 2004-ல் வியன்னாவின் ராணுவ அருங்காட்சியகத்துக்கு வந்தது. வரிசை எண் 19074. உலகமே அறிந்த ஒரு துப்பாக்கியைப் பற்றியே எழுத்தில் தப்பு வந்து நிற்கும்போது, ஒரு வீட்டுக் கூடத்துத் துப்பாக்கியைப் பற்றி வராதா?

இனி காகா வீட்டுக்கு வருவோம்

அவர் அனுப்பிய படத்தில் ஊசித் தோட்டா போடும் ஆறு குண்டு ரிவால்வர் தெரிந்தது. விசையை மடக்கிக்கொள்ளலாம். சட்டைப்பையில் வைப்பதற்காகச் செய்த ரகம். உருளையின் மேல் முட்டை வடிவ முத்திரை. அதன் தலையில் கிரீடம் இல்லை. ஆகவே 1893-க்கு முன்னால். பக்கத்தில் ஒற்றை எழுத்து, அதன் மேல் நட்சத்திரம். ஆகவே 1877-க்குப் பின்னால். பத்துத் தடவை பார்த்தேன். கிரீடமாக இருந்திருந்தால் 1853-க்கும் 1877-க்கும் நடுவில் வந்திருக்கும், குடும்பக் கதைக்கு இடமிருந்திருக்கும். ஐந்து முனையும் தெளிவாகத் தெரிந்தது. நட்சத்திரமேதான். கலகம் நடந்து குறைந்தது இருபது வருஷம் கழித்துச் செய்த துப்பாக்கி.

உண்மையைச் சொன்னால், எழுதாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிழைக்க வந்த ஊர். அவர்கள் வீட்டுப் பெருமையில் கை வைக்க நான் யார்? பத்து வரி பொதுவாக எழுதிக் கொடுத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் பத்து வரியைப் படித்து ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் மேடையில் சொல்லப் போகிறாள். பார்க்க வருகிறவர்களில் ஒருவருக்கு இந்த முத்திரை தெரிந்திருந்தால், தலை குனிவது அந்தக் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் படங்களோடு போய், இப்போது உங்களுக்குச் சொன்னதை எல்லாம் அவருக்கும் சொன்னேன்.

காகா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தாசில் ஆபீஸ்காரர் வெளியே வந்தார். "1878-ல் ஆயுதச் சட்டம் வந்துவிட்டதே சாஹேப். அதற்குப் பிறகு இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். வெள்ளைக்காரனுக்குத்தான் விலக்கு. அப்படியென்றால் சர்க்கார் எங்களுக்கு லைசென்ஸ் கொடுத்ததா?" என்றார். அவர் மனதில் ஓடியது எனக்குப் புரிந்தது. சர்க்காரை எதிர்த்த வீடு என்று நினைத்திருந்தார். சர்க்காருக்கு வேண்டிய வீடாக இருந்திருக்குமோ என்ற கேள்வி வந்துவிட்டது.

நான் ஒன்றைத்தான் சொன்னேன். முத்திரை சொல்வது துப்பாக்கி எப்போது சோதிக்கப்பட்டது என்பதை மட்டும். அது எப்போது இந்த வீட்டுக்கு வந்தது, யார் கையில் இருந்தது, ஏன் வாங்கினார்கள் என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. முப்பது வருஷம் கழித்து யாரோ பழையதாக வாங்கியிருக்கலாம். உங்கள் கொள்ளுத்தாத்தா 1857-ல் நிஜமாகவே ஒரு ஆயுதத்தைப் பிடுங்கி, அது தொலைந்து போய், கதை மட்டும் இந்தத் துப்பாக்கியில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவர் பொய் சொன்னார் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. இந்தத் துப்பாக்கி அதற்குச் சாட்சி இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடியை வாங்கி நட்சத்திரத்தை அவளே எண்ணிப் பார்த்தாள். "அப்போ இரண்டையும் எழுதலாமே அஜோபா" என்றாள்.

அப்படியே எழுதினோம். மேலே படம். அதன் கீழே: 'லியேஜ், பெல்ஜியம். 1877-க்கும் 1893-க்கும் இடையில் சோதிக்கப்பட்டது. எப்படித் தெரியும்?' என்று அம்புக்குறி போட்டு நட்சத்திரமும், இல்லாத கிரீடமும். அதற்குக் கீழே தனியாக ஒரு கட்டம்: 'எங்கள் குடும்பத்தில் சொல்லப்படும் கதை.' பார்க்க வந்தவர்கள் அதிக நேரம் நின்றது அந்த அம்புக்குறிப் பக்கம்தான் என்று காகா வந்து சொன்னார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய அட்டையை அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் பேத்தியின் கையெழுத்தில் ஒரு புது அட்டை வைத்திருக்கிறார்.

ஒரு முக்கியமான விஷயம். இதைப் படித்துவிட்டு ஊரில் பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கியை எடுத்து ஆராய்ச்சி செய்யக் கிளம்பிவிடாதீர்கள். பழசு என்பதாலேயே சட்டம் விட்டுவிடாது. நம் நாட்டு 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைச் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. காகா வீட்டுத் துப்பாக்கி உபயோகமற்றது என்று அவர் அப்பா காலத்திலேயே பரிசோதித்து வாங்கிய தாள் பத்திரமாக இருக்கிறது. அப்படி ஒரு தாள் உங்களிடம் இல்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது முத்திரையை இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவை. குண்டு உள்ளே இல்லை என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம். நூறு வருஷத் தோட்டாவும் வெடிக்கும்.

அந்த வேலை முடிந்த பிறகு, ஒரு பூதக்கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் போதும். எழுத்தின் மேலே இருப்பது கிரீடமா நட்சத்திரமா என்று பாருங்கள்.